ஆற்றுப் புறம்போக்கு

மாவட்டம் பிரிந்த மாதம்
தருமபுரியிலிருந்து எங்கள் பங்கு வந்தது
ஹயாத் பாஷாவின் லாரியில்.
நூற்றுப் பதினொரு கட்டு, சிவப்புத் துணி, சணல் கயிறு,
ஏழு மின்விசிறி (ஓடுபவை மூன்று).
"ஒரு ஜில்லா இவ்வளவுதானா, மேடம்?"
கையொப்பமிட்டு வாங்கினேன்:
பெற்றுக்கொள்ளப்பட்டது,
துணி சற்றே கிழிந்த நிலையில்.

கிருஷ்ணகிரிக்கு இது புதிதல்ல.
பன்னிரண்டு கோட்டையை ஒரே கயிற்றில் முடிந்து
பாராமகால் என்று பெயர் வைத்த காலத்திலேயே
மலைமேல் பீரங்கி, கீழே கச்சேரி.
பீரங்கி தோற்றது.
கச்சேரி ஒருநாளும் தோற்கவில்லை.
மைசூருக்குக் கிஸ்தி, கும்பெனிக்குக் கிஸ்தி,
சேலத்துக்கு, அப்புறம் தருமபுரிக்கு.
வாங்கிய கை மாறியதைக்
கட்டியவன் ரசீதின் நிறத்தில்தான் அறிந்தான்.

மாற்றலாகி வருகிறவர்கள் கேட்பார்கள், ஆறு எங்கே என்று.
ஊருக்குள் வராது, சார்,
கொஞ்சம் தள்ளி அணையில் நிற்கிறது.
அதற்கும் கீழே, பெண்ணைக் கரையில் இருக்கும் ஊருக்குக்
காவேரிப்பட்டணம் என்று பெயர்.
எந்த எழுத்தர் கொடுத்த சான்றோ, தெரியாது.

பதிவேட்டில் பெண்ணைக்கு ஒரே வரி.
வகைப்பாடு: ஆற்றுப் புறம்போக்கு.
தீர்வை: இல்லை. அனுபவதாரர்: இல்லை.
நந்தி மலையில் பிறந்ததோ
ஓசூர்ப் பக்கம் நுரை சுமந்து வருவதோ
எழுத அங்கே கட்டம் கிடையாது.

நாற்பத்து மூன்றாம் கட்டைப் பிரித்த மதியம்
அணைக்கு நிலம் எடுத்த காலத்து மனு ஒன்று.
ஊர்ப்பெயரைக் கரையான் தின்றிருந்தது.
மனுதாரர் தொட்டபைரன், கைநாட்டு.
எழுதிக்கொடுத்தவர் யாரோ, நல்ல கையெழுத்து:
'நிலத்துக்குப் பணம் வந்தது. எண்ணினேன், சரி.
கிணற்றுக்கும் வந்தது. அதுவும் சரி.
கிணற்றின் எண்ணை மட்டும் அடிக்க வேண்டாம்.
தண்ணீருக்குள் இருந்தாலும் அது கிணறுதானே.
சமூகம் மனது வைக்கவும்.'

ஓரத்தில் பச்சை மை:
கோரிக்கை புரியவில்லை. கோப்பில் சேர்க்க.

சேர்த்தேன் நானும்.

பதின்மூன்று வருஷம் கழித்து ஒரு கார்த்திகையில்
அணையின் மதகு ஒன்று பிய்ந்துகொண்டது.
கடலூர் வரை ஐந்து மாவட்டத்துக்கு
எச்சரிக்கை தட்டச்சு செய்தேன், விடிய விடிய.
ஆறு யாரையும் கேட்காமல் போய்க்கொண்டிருந்தது,
லீவு கிடைத்த குமாஸ்தா மாதிரி.

வடிந்த பிறகு ஒரு ஞாயிறு
வரைபட நகலோடு சேற்றில் இறங்கினேன்.
சர்வேயர் அம்சவேணி செயின் பிடித்தாள்.
மீன் பொறுக்கியவர்கள் சிரித்தார்கள்:
"என்னம்மா, ப்ளாட் போடப் போறீங்களா?"
எல்லைக்கல் தலைமட்டும் தெரிந்தது.
அங்கிருந்து முப்பத்தெட்டு மீட்டர்,
செருப்பு ஒன்று சேற்றோடு போயிற்று.
வட்டமாகக் கருங்கல்.
கல்லில் கயிறு தேய்த்த பள்ளம்,
என் சுண்டுவிரல் சரியாக உட்கார்ந்தது.
உள்ளே வாய்வரை வண்டல்,
வண்டலுக்கு மேல் ஒரு சாண் தண்ணீர்.
சுற்றிலும் ஏரி வெடித்துக் கிடக்க
அது மட்டும் வானத்தைக் காட்டிக்கொண்டிருந்தது.
அம்சவேணி ஒன்றும் பேசவில்லை.
செயினைச் சுருட்டினாள்.

மதகு மாட்டினார்கள். நீர் ஏறியது.
கச்சேரிக்குக் கணினி வந்தது.
அந்த எண்ணைத் தட்டினால்
'பதிவு இல்லை' என்கிறது,
மரியாதையாக, மூன்று நொடி யோசித்துவிட்டு.

பச்சை மை என் பதவிக்கு இல்லை.
ஓய்வுபெறும் வாரம் நீல மையில்,
அந்த மனுவின் அடியில் எழுதினேன்:
நேரில் பார்வையிட்டேன். கிணறு இருக்கிறது.
தேதி போட்டேன்.
கயிற்றை இறுக்கிக் கட்டினேன்.
இந்த ஊரை இன்னொரு முறை பிரிக்காமலா இருப்பார்கள்?
அன்றைக்கு லாரியில் ஏற்றுகிறவர்
நாற்பத்து மூன்றைக் கொஞ்சம் பார்த்துத் தூக்கவும்,
கனக்கும்.